பேரனின் தாளமும் மகளின் கேள்வியும்

ஜூலை 14 அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்ப்பது, நம் ஊரில் பிரெஞ்சு படித்த வயசாளிகளுக்கு விட முடியாத பழக்கம். 2017-ஆம் ஆண்டு அணிவகுப்பை உங்களில் சிலரும் பார்த்திருப்பீர்கள். சிறப்பு விருந்தினர் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப். பக்கத்தில், பதவிக்கு வந்து இரண்டு மாதமே ஆன மக்ரோன். ஷான்ஸெலிஸே சாலையில் ராணுவ வாத்தியக் குழு மேடைக்கு எதிரே வந்து நின்று, திடீரென்று ஒரு நடன மெட்டை எடுத்தது. சீருடை கலையாமல், வரிசை மாற்றி மாற்றி நடந்துகொண்டே வாசித்தார்கள். மக்ரோன் முகத்தில் சிரிப்பு. டிரம்ப் எதுவும் விளங்காதவர் போல உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் வாசித்தது டாஃப்ட் பங்க் பாட்டுகள். தோமா பங்கால்தேர், கீ-மனுவேல் தெ ஓமெம்-கிறிஸ்தோ என்று இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், தலையில் இயந்திர மனிதன் மாதிரிக் கவசம் மாட்டிக்கொண்டு உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர்கள். மின்சாரக் கருவிகளில் உண்டாக்கும் நடன இசை அவர்களுடையது.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது பாட்டு அல்ல, தேதி. 1995 ஜனவரியில் இதே பிரான்சின் உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. பழைய கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் விடிய விடிய இந்த வகை இசைக்கு ஆடும் கூட்டங்களுக்கு 'ரேவ்' என்று பெயர். அவை பெரிய ஆபத்துக்கு இடம் கொடுப்பவை என்று அந்தச் சுற்றறிக்கையின் தலைப்பே சொன்னது. அதற்குப் பிறகு ஊர் ஊராக நிகழ்ச்சிகள் ரத்தாயின. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே வம்சத்து இசை ராணுவத்தின் எக்காளத்தில் வருகிறது. அரசாங்கக் கோப்புகளோடு ஆயுளில் பாதியைக் கழித்தவனுக்கு இப்படி ஒரு பதவி உயர்வைப் பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். பாரீசுக்கு வெளியே குடியிருக்கிறாள். அவள் மகனுக்கு இருபத்து நாலு வயது. எலக்ட்ரீஷியன் வேலை படித்து, வேலையும் பார்க்கிறான். சம்பளத்தில் பாதி ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், ஜெனரேட்டர், வாடகை வேன் என்று போகிறது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு 'சவுண்ட் சிஸ்டம்' வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேற்றுக் காலோடு வீடு திரும்புவான். அவர்கள் வாசிப்பது டெக்னோ. தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுதான். அங்கே 'சி-எச்' போட்டு எழுதினால் அது கிளப்பில் டிக்கெட் வாங்கிக் கேட்பது. 'கே' போட்டு எழுதினால் வயல்வெளியில் இலவசமாகக் கேட்பது. பேரன் 'கே' கட்சி.

மகள் போனில் கேட்டாள்: "அப்பா, இந்த மியூசிக் என்னைக்காவது பெரிசா வருமா? டாஃப்ட் பங்க் மாதிரி? வரும்னா சரி போகட்டும்னு விட்டுடறேன். வராதுன்னா நீங்களாவது அவனுக்கு எடுத்துச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்."

அடுத்த வாரம் அவனையே கேட்டேன். "பெரிசா வரக் கூடாது தாத்தா. வந்தா அது வேறயா ஆயிடும்" என்றான்.

மகளுக்கு அது வரவேண்டுமே என்ற கவலை. பேரனுக்கு வந்துவிடுமோ என்ற கவலை. இரண்டு பேருக்கும் பதில் சொல்வதற்காகப் பிரெஞ்சில் கிடைத்ததையெல்லாம் சில மாதங்களாகப் படித்தேன். அவன் அனுப்பியதையும் காதில் மாட்டிக் கேட்டேன். நிமிடத்துக்கு 160, 180, சில சமயம் 200 தட்டு வரைக்கும் போகிறது. என் நாடித்துடிப்பு 72. எங்கள் இருவருக்கும் உள்ள தூரம் அதிலேயே தெரிந்துவிட்டது. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் முடிவு இது: இப்படிப்பட்ட இசையின் ஓசை பெரிய மேடைக்குப் போகும். பல தடவை போயிருக்கிறது. அந்த ஓசையைப் பெற்ற கூட்டம் கூடப் போகாது.

முதலில் இந்த இசை எங்கே பிறந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் 1977-இல் திறந்த ஒரு நடன விடுதிக்கு 'வேர்ஹவுஸ்', அதாவது கிடங்கு என்று பெயர். அங்கே இசைத்தட்டு போட்டவர் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பின இளைஞர். ஆட வந்தவர்களும் பெரும்பாலும் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்க வம்சத்தவர், அவர்களுக்குள்ளும் தன்பால் விருப்பம் கொண்டவர்கள். வேறெங்கும் போனால் முறைத்துப் பார்ப்பார்கள் என்பதால் இங்கே கூடினார்கள். அந்தக் கிடங்கின் பெயரிலிருந்துதான் 'ஹவுஸ்' என்ற இசைக்கே பெயர் வந்தது. கொஞ்ச காலம் கழித்துப் பக்கத்து மாநிலத்தில், டெட்ராய்ட் அருகே, யுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்று ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று கறுப்பினப் பையன்கள் டெக்னோவை உண்டாக்கினார்கள். கார்த் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த ஊர் அது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஒரு மிஷின். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1981-இல் சிறிய வெள்ளி நிறப் பெட்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் டிபி-303. தனியாகக் கிட்டார் பழகுபவர்களுக்குத் துணையாக பேஸ் கிட்டார் மாதிரி வாசிக்க வேண்டும் என்பது திட்டம். அது பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவே இல்லை. கொசு ரீங்காரமும் தவளைச் சத்தமும் கலந்த மாதிரி ஒரு ஒலி. 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளுக்கு மலிவாக வந்தது. காசில்லாத சிகாகோ பையன்கள் வாங்கித் திருகிப் பார்த்தார்கள். ஃபியூச்சர் என்ற குழு 1987-இல் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' அந்தப் பெட்டியிலிருந்து பிறந்ததுதான். 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு வகையே அதிலிருந்து கிளைத்தது.

இங்கே நம் நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். இந்திப் படங்களுக்குக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பம்பாய் சரண்ஜித் சிங். 1982-இல், சிகாகோவுக்கு ஐந்து வருஷம் முன்னால், அதே டிபி-303 பெட்டியில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தோடு வாசித்து எல்.பி. ரெக்கார்டாக வெளியிட்டார். வாங்க ஆள் இல்லை. மறந்தே போனது. 2010-இல் ஐரோப்பாவில் அதை மறுபடி வெளியிட்டபோது, கேட்டவர்கள் அசந்து போனார்கள். பைரவியும் மேகமல்ஹாரும் ஆசிட் ஹவுஸ் மாதிரியே ஒலிக்கின்றன! எழுபது வயதுக்கு மேல் அவர் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்தார். 2015-இல் காலமானார்.

சரண்ஜித் சிங்கிடம் இல்லாதது என்ன? பெட்டி இருந்தது, விரல் இருந்தது, ஞானம் இருந்தது. அந்த இசைக்கு ஆட ஒரு கூட்டம் பம்பாயில் இல்லை. சிகாகோவில் இருந்தது. வாரா வாரம் வந்து, எது பிடித்தது எது பிடிக்கவில்லை என்று காலாலேயே சொன்னது. அடுத்த வாரம் வாசித்தவர் அதற்கேற்ப மாற்றினார். பிள்ளை பிறந்த இடம் அதுதான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த இசை அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தது. 1988-இல் டெட்ராய்ட் பையன்களின் பாட்டுகளைத் தொகுத்து லண்டனில் வெளியிட்டார்கள். 'டெக்னோ' என்ற பெயர் நிலைத்ததே அப்போதுதான். கிளப்புகளில் இடம் போதாமல் கூட்டம் வயல்வெளிக்கு இறங்கியது. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் என்ற கிராமத்துப் பொது நிலத்தில் ஒரு வாரம் பத்தாயிரக்கணக்கானோர் கூடி ஆடினார்கள். பிரிட்டிஷ் அரசு பயந்தே போனது. 1994-இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் எந்த மாதிரி இசைக்குத் தடை என்று வரையறுக்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் தட்டுகளைக் கொண்ட ஒலி என்று எழுதி வைத்தார்கள். ஒரு தாளத்தைச் சட்டப் பிரிவில் விளக்க நேர்ந்த அந்த வெள்ளைக்கார எழுத்தரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அப்படிப் பார்த்தால் நம் பம்பைக்காரரும் உடுக்கைக்காரரும் உள்ளே போகவேண்டியவர்கள்தான்.

காசில்மார்ட்டன் விவகாரத்தில் கைதானவர்களில் 'ஸ்பைரல் டிரைப்' என்ற குழுவினர் பதின்மூன்று பேர். நீண்ட வழக்குக்குப் பிறகு விடுதலை ஆனார்கள். அதற்குள்ளேயே அந்தக் குழு லாரிகளில் ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டது. 1993-இல் பாரீசுக்கு வடக்கே பொவே அருகில் முதல் 'டெக்னிவால்' நடந்தது. டெக்னோவும் கார்னவாலும் சேர்ந்த சொல். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, யார் வாசிக்கிறார் என்று விளம்பரம் கிடையாது. எங்கள் பேரனின் கோத்திரம் இந்தப் பொவே கோத்திரம்.

அதே 1993-இல், அதே பாரீஸ் பக்கத்தில், யூரோ டிஸ்னியில் நடந்த ஒரு ரேவ் இரவில் டாஃப்ட் பங்க் இளைஞர்கள் இருவரும் கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒரு சிறிய ரெக்கார்டு கம்பெனிக்காரரைச் சந்தித்தார்கள். அவர்கள் கதை அங்கே தொடங்குகிறது. அதாவது இரண்டு வம்சமும் ஒரே மண்ணில், ஒரே வருஷத்தில் கிளம்பியவை. ஒன்று ஷான்ஸெலிஸே போனது. இன்னொன்று இன்னும் வயலில் நிற்கிறது. ஏன்?

திறமை வித்தியாசம் என்று சொல்லிவிடலாம். டாஃப்ட் பங்க் திறமைசாலிகள், சந்தேகம் இல்லை. பங்கால்தேரின் அப்பா டானியேல் வாங்கார்துவும் டிஸ்கோ காலத்தில் பெயர் பெற்ற பாட்டுக்காரர், தயாரிப்பாளர். ஒப்பந்தத்தில் எந்த வரியை அடிக்க வேண்டும் என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தது. எலக்ட்ரீஷியன் பையனுக்கு அந்த வசதி கிடையாது. ஆனாலும் இது முழுப் பதில் ஆகாது.

அவர்கள் மேலே போன பாதையைக் கவனியுங்கள். 1997-இல் வந்த முதல் ஆல்பம் 'ஹோம்வொர்க்' முழுக்க மிஷின் இசை. படுக்கையறையில் செய்தது. பதினாறு வருஷம் கழித்து, 2013-இல், 'கெட் லக்கி' என்ற பாட்டுதான் அவர்களை நம் ஊர்க் கல்யாண மண்டபம் வரைக்கும் கொண்டுவந்தது. அதில் என்ன இருக்கிறது? நைல் ராஜர்ஸ் என்ற பழைய டிஸ்கோ மேதை கையால் வாசித்த கிட்டார். ஆள் உட்கார்ந்து அடித்த டிரம்ஸ். ஃபாரல் வில்லியம்ஸ் குரலில் பல்லவி, சரணம். ரேடியோவுக்கு நாலு நிமிடம். 2014-இல் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பரிசு அவர்களுக்குக் கிடைத்தபோது, வயலில் ஆடிய அந்த மிஷின் இசையில் எவ்வளவு மிச்சம் இருந்தது? பாதிக்கு மேல் பழைய டிஸ்கோ. நல்ல பாட்டு, நானே முணுமுணுத்திருக்கிறேன். அது வேறு பாட்டு.

மிஷின் இசையை விடாமலே மேலே போனவர்களும் உண்டு. லோரான் கார்னியே, லண்டனில் பிரெஞ்சுத் தூதரகத்தில் ஏவலாளாக வேலை பார்த்தவர். அங்கிருந்து மான்செஸ்டருக்குப் போய் 1987-இல் இசைத்தட்டு போட ஆரம்பித்தார். பிறகு பாரீஸ் ரெக்ஸ் கிளப்பில் பல ஆண்டுகள். 2017-இல் அவருக்கு லெழியோன் தொனேர் கொடுத்தார்கள். நெப்போலியன் தொடங்கிய விருது! தூதரகத்தில் தட்டு ஏந்தியவருக்கு இசைத்தட்டு கொடுத்த மரியாதை. ஆனால் கிளப் என்பது கதவும், டிக்கெட்டும், லைசென்சும், மூடும் நேரமும் உள்ள இடம். அரசாங்கத்துக்கு அந்தக் கதவு புரியும். கதவில்லாத வயல் புரியாது.

ஜெர்மனியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1989-இல் பெர்லினில் சுமார் 150 பேர் ஒரு வேன் பின்னால் ஆடிக்கொண்டே போனார்கள். பெயர் 'லவ் பரேட்'. பத்து வருஷத்தில் கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டியது என்று நடத்தியவர்கள் சொன்னார்கள். பிறகு உடற்பயிற்சிக் கூடங்கள் நடத்தும் ஒரு கம்பெனி அதை விளம்பரத்துக்காக எடுத்துக்கொண்டது. பெர்லினை விட்டு வேறு நகரங்களுக்குப் போனது. 2010 ஜூலையில் டூயிஸ்பர்க் நகரத்தில் உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே சுரங்கப் பாதைச் சரிவு. நெரிசலில் 21 பேர் இறந்தார்கள். அதோடு லவ் பரேட் முடிந்தது. இந்த இசையைப் பிரபலமாக்குவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், 150 பேர் ஆடியதிலிருந்து அந்தச் சுரங்கம் வரை உள்ள தூரத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்வேன். பெர்லின் டெக்னோ சாகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கிளப்புகளில் இருக்கிறது. 2024-இல் ஜெர்மனி அதைத் தன் தேசியக் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது பேரன் வாசிக்கும் இசைக்கு வருகிறேன். பாட்டு கிடையாது, குரல் கிடையாது. இரண்டு ஆள் உயரத்துக்குப் பெட்டிகளைச் சுவர் மாதிரி அடுக்குகிறார்கள். வாசிப்பவன் ஓரமாகவோ மறைவாகவோ நிற்பான். வந்தவர்கள் அந்தச் சுவரைப் பார்த்து ஆடுகிறார்கள். இடம் எது என்று அன்றைக்கு ராத்திரிதான் போனில் தெரியும். நுழைவாயிலில் ஒரு டப்பா இருக்கும், முடிந்ததைப் போடலாம். 'ஃப்ரீ பார்ட்டி' என்கிறார்கள். அங்கே 'ஃப்ரீ' என்பதற்கு இலவசம் என்றும் அர்த்தம், சுதந்திரம் என்றும் அர்த்தம்.

இதில் எதைத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்ள முடியும்? முகம் இல்லை, விற்க முடியாது. பல்லவி இல்லை, முணுமுணுக்க முடியாது. நாலு நிமிடத்தில் வெட்டினால் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அது நாலு மணி நேரத்தில் மெல்ல மெல்ல மாறுகிற சங்கதி. எடுத்துக்கொள்ளக் கூடியது வேகம் ஒன்றுதான். அதை எடுத்தும் ஆகிவிட்டது. சில வருஷமாகப் பெரிய கம்பெனிகளின் திருவிழா மேடைகளில் வேகமான 'ஹார்டு டெக்னோ' வந்திருக்கிறது. மேடை உண்டு, முகம் உண்டு, லேசர் விளக்கு உண்டு, டிக்கெட்டும் உண்டு. பேரன் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறான். அவன் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. வந்தால் அது வேறாகிவிடுகிறது.

அப்படியானால் வயலில் மிச்சம் இருப்பவர்களை என்ன செய்வது? எனக்கு முக்கியமாகத் தோன்றும் கேள்வி இதுதான். மேலே போகாத இசைக்கு இருக்க இடம் உண்டா இல்லையா?

2001 நவம்பரில் பிரான்ஸ் ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டது. தீவிரவாதத்துக்கு எதிரான பிரிவுகளோடு இந்த ஆட்டக் கூட்டங்களையும் அதில் சேர்த்தார்கள். 2002 மே மாதம் விதிகள் வந்தன. 250 பேருக்கு மேல் எதிர்பார்த்தால் பிரெஃபேவுக்கு (நம் கலெக்டர் மாதிரி) முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 2006-இல் அந்த எண்ணிக்கையை 500 ஆக்கினார்கள். எழுதிக் கொடுக்காமல் நடத்தினால் கருவிகளை ஆறு மாதம் வரை பறிமுதல் செய்து வைக்கலாம். அதற்குள் வழக்கு முடிந்தால் நிரந்தரமாகவும் போகலாம்.

படித்தவுடன் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பெரிய கூட்டம் கூடினால் ஆம்புலன்ஸ் வேண்டும், தண்ணீர் வேண்டும், வழி வேண்டும். நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். விதைத்த நிலத்தில் இரண்டாயிரம் பேர் ஆடினால் அந்த விவசாயி யாரிடம் போய் அழுவார்? போதை மாத்திரை அங்கே புழங்குகிறது என்பதும் உண்மை. பேரனே ஒத்துக்கொள்கிறான். கோவிட் ஊரடங்கில், 2020 டிசம்பர் கடைசி ராத்திரி, பிரிட்டானியில் லியூரோன் என்ற கிராமத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கிடங்கில் கூடி ஆடியதை எந்தத் தாத்தாவாலும் நியாயப்படுத்த முடியாது.

சட்டம் நியாயமாக இருப்பது ஒன்று, அது மேசையில் நடப்பது வேறு. நான் சில காலம் இருந்த ஒரு பிரிவில் ஒலிபெருக்கி அனுமதி மனுக்கள் வரும். அம்மன் கோயில் கூழ் ஊற்றுவதற்கு ஒருவர் ஆடி பிறக்கும் முன்னால் மனு கொடுப்பார். கோப்பு மூன்று மேசை சுற்றும். பதில் ஆவணியில் போகும். அதற்காக அம்மன் காத்திருப்பாளா? அவர் குழாயைக் கட்டிவிடுவார். அடுத்த வருஷம் மனுவே கொடுக்க மாட்டார். மனு கொடுக்காதவர்களைச் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று மேலதிகாரி குறிப்பு எழுதுவார். பிரான்சில் நடப்பதும் அதே கதை. எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் மறுப்புதான் வரும், இடமும் தெரிந்துபோகும் என்று இந்தப் பையன்கள் சொல்கிறார்கள். அதனால் எழுதிக் கொடுப்பதில்லை. அல்லது 499 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

வழி இல்லை என்று சொல்ல முடியாது. 2003 மே மாதம், சார்கோசி உள்துறை அமைச்சராக இருந்தபோது, மார்ன் பகுதியில் மரின்யி என்ற பழைய ராணுவ விமான தளத்தை ஒதுக்கிக் கொடுத்து, அரசாங்க அனுமதியோடு டெக்னிவால் நடந்தது. பல பத்தாயிரம் பேர். மருத்துவர்கள், தண்ணீர் எல்லாம் இருந்தது. சார்கோசியும் டெக்னிவாலும் சேர்த்து 'சார்கோவால்' என்று கேலி செய்தார்கள். ஆனால் நடந்தது. சார்கோசியை இளகிய மனசுக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. அவராலேயே முடிந்தது என்றால் மற்றவர்களாலும் முடியும்.

முடியாது என்று பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு இரவு இருக்கிறது. ஜூன் 21, ஃபேத் தெ லா முசிக். 1982-இல் ஜாக் லாங் கலாசார அமைச்சராக இருந்தபோது தொடங்கிய இசைத் திருநாள். நம் புதுச்சேரியிலும் அலியான்ஸ் தயவில் கொண்டாடுகிறோம், போய்க் கேட்டிருப்பீர்கள். 2019-இல் அந்த இரவு நாந்த் நகரத்தில் லுவார் ஆற்றங்கரையில் டெக்னோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்த வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. விடியற்காலை நாலரை மணி வாக்கில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. கரையில் தடுப்பு கிடையாது. புகையில் கண் தெரியாமல் பலர் ஆற்றில் விழுந்தார்கள். இருபத்து நாலு வயதுப் பையன் ஒருவன் மேலே வரவில்லை. ஐந்து வாரத்துக்கு மேல் கழித்துத்தான் உடல் கிடைத்தது. என் பேரனுக்கும் இப்போது அதே வயது. இதைப் படித்த அன்று நான் அவனுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன்.

நாலரை மணிக்கு ஒரு பாட்டை நிறுத்த வேண்டியது அவசியம்தான். அதற்கு ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினால் போதாதா?

மகளுக்கு நான் சொன்னது இது. "இது டாஃப்ட் பங்க் மாதிரி வராதும்மா. அதை நம்பி அவன் வேலையை விடக் கூடாது. அவனும் விடறதா சொல்லல. நம்ம கலியபெருமாள் அண்ணன் நாற்பது வருஷம் பஜனை மடத்துல மிருதங்கம் வாசிச்சாரே, ரேடியோவுல வரணும்னா வாசிச்சாரு? பகல்ல கிடங்குல கணக்கு எழுதினாரு, சனிக்கிழமை வாசிச்சாரு. அப்படி வெச்சுக்க." அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மிருதங்கத்தை யாரும் வந்து தூக்கிட்டுப் போகலியேப்பா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஏனென்றால் போன இலையுதிர் காலத்தில் பையன்களின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. சுமார் அறுநூறு பேர் இருந்தார்களாம், எழுதிக் கொடுக்கவில்லை. சட்டப்படி சரிதான். எட்டுப் பேர் மூன்று வருஷம் சேர்த்த காசு அது.

பேரனுக்குச் சொன்னது வேறு. பெரிதாக வரக் கூடாது என்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒளிந்துகொண்டே இருப்பதும் சின்னதாக இருப்பதும் ஒன்றல்ல. ஐநூறுக்குள் கூட்டத்தை வை. நிலத்துக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கு, இரண்டு பிரதி எடு. பக்கத்துக் கிராமத்து மேயரைப் பகலில் போய்ப் பார், ஒலி எத்தனை மணிக்கு நிற்கும் என்று சொல். அதற்கு மேல் கூட்டம் வரும் என்றால் பிரெஃபேவுக்கு எழுது, பதிவுத் தபாலில் போடு, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துப் போடாதே. மறுத்தால் மறுத்த கடிதத்தையும் வை. பத்து மறுப்புக் கடிதம் சேர்ந்தால் அதுவே ஒரு கோப்பு. அதைக் கொண்டுபோய் நீதிமன்றத்திலும் காட்டலாம், பத்திரிகையிலும் காட்டலாம். கையில் காகிதம் இல்லாதவன் பேச்சை எந்த நாட்டு அரசாங்கமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"தாத்தா, நீங்க எங்க சவுண்ட் சிஸ்டத்துக்குச் செக்ரெத்தேரா வர்றீங்களா?" என்று சிரித்தான்.

பிரெஃபேவுக்கு எழுத வேண்டிய கடிதத்துக்கு நானே ஒரு நகல் தயார் செய்து அனுப்பியிருக்கிறேன். பழைய லிசே பிரெஞ்சு, கடைசியில் மரியாதை வாக்கியமே மூன்று வரி. இந்தக் காலத்தில் யாரும் இப்படி எழுதுவதில்லை என்கிறான். இருக்கட்டும், அதைக் குறைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். ஆறு மாதக் கெடு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி முடிகிறது. பெட்டிகளைத் திரும்ப வாங்கப் போகும்போது பறிமுதல் ரசீதின் மூலப் பிரதியைக் கொடுத்துவிடாமல் நகலை மட்டும் கொடுக்க வேண்டும். அதை அவனுக்கு இன்று ராத்திரி ஞாபகப்படுத்த வேண்டும்.